ஜெருசலேம்: நிலம், வீடு, வரைபடம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புனிதப் பயணம் போய்வந்தவர்களும் செய்தி பார்க்கிறவர்களும் ஜெருசலேம் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே வைத்திருக்கிறோம். மேடைப் பேச்சுகளை விட்டுவிட்டு நகராட்சி, திட்டக் குழு, நிலப்பதிவு அலுவலகம் ஆகியவற்றைப் பற்றியே அதிகம் பேசியிருக்கிறோம். அந்த ஊர் அரசியலில் பாதிக்கு மேல் அங்கேதான் நடக்கிறது. முன்பு சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைக் குறித்திருக்கிறோம்.

1. ஊர் ஒன்றுதானே? கிழக்கு ஜெருசலேம், மேற்கு ஜெருசலேம் என்று ஏன் பிரித்துச் சொல்கிறார்கள்?

1948 போரில் ஊர் இரண்டாகிவிட்டது. மேற்குப் பகுதி இஸ்ரேலிடமும், மதில் சூழ்ந்த பழைய நகரம் உட்பட கிழக்குப் பகுதி ஜோர்தானிடமும் போயின. அந்த ஆண்டு நவம்பரில் இரு தரப்புத் தளபதிகளான மோஷே தயானும் அப்துல்லா அல்-தல்லும் 1:20,000 அளவு வரைபடத்தில் தடித்த மெழுகுப் பென்சிலால் ஆளுக்கொரு கோடு இழுத்தார்கள். 1949 ஏப்ரல் போர்நிறுத்த ஒப்பந்தத்துக்கு அதுவே அடிப்படை. பென்சில் கோட்டின் பருமன் மூன்று நான்கு மில்லிமீட்டர்; தரையில் அது 60 முதல் 80 மீட்டர். கோட்டுக்கடியில் அகப்பட்ட வீடுகள் யாருடையவை என்ற தகராறு 1967 வரை தீரவில்லை.

2. 1967-ல் இஸ்ரேல் சேர்த்துக்கொண்டது ஜோர்தான் வைத்திருந்த அந்தக் கிழக்கு நகரத்தைத்தானே?

அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். ஜோர்தான் காலத்து நகராட்சி சுமார் 6 சதுர கிலோமீட்டர்தான். 1967 ஜூன் கடைசியில் இஸ்ரேல் தன் சட்டத்தை நீட்டித்தது சுமார் 70 சதுர கிலோமீட்டருக்கு. மிச்சமெல்லாம் மேற்குக் கரையைச் சேர்ந்த 28 கிராமங்களின் நிலம். மேற்கு ஜெருசலேமே அப்போது ஏறக்குறைய 38 சதுர கிலோமீட்டர்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எல்லையை வரைந்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் ரெஹவாம் ஸேவி என்ற ராணுவ அதிகாரி. மேடான இடமும் காலி நிலமும் உள்ளே, நெருக்கமாக ஆள் குடியிருக்கும் இடம் வெளியே என்பதே கணக்கு. அதனால்தான் கலந்தியா விமான ஓடுபாதை உள்ளே வந்தது, அபூ தீஸ் ஊர் வெளியே நின்றது. பல கிராமங்களில் வீடு ஒரு பக்கமும் வயல் மறுபக்கமும் ஆயின. 1980-ல் இஸ்ரேல் முழு நகரையும் தலைநகராக அறிவித்து அடிப்படைச் சட்டம் போட்டது. ஐநா பாதுகாப்புச் சபை 478-ஆம் தீர்மானத்தில் அது செல்லாது என்றது. பெரும்பாலான நாடுகள் கிழக்குப் பகுதியை ஆக்கிரமிக்கப்பட்ட நிலமாகவே கருதுகின்றன.

3. அங்கே இருக்கிற பாலஸ்தீனர்கள் இஸ்ரேல் குடிமக்களா? ஓட்டு உண்டா?

பெரும்பாலோர் குடிமக்கள் அல்ல, ‘நிரந்தரக் குடியிருப்பாளர்கள்’. நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். நாடாளுமன்றத் தேர்தலில் முடியாது. நகராட்சி உறுப்பினராக நிற்கலாம், மேயராக நிற்கக் குடியுரிமை வேண்டும். ஆனால் வாக்களித்தால் இஸ்ரேலின் உரிமையை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பெரும்பாலோர் தேர்தலைப் புறக்கணிக்கிறார்கள். ஊரில் சுமார் 10 லட்சம் பேர், பத்தில் ஏறக்குறைய நான்கு பேர் பாலஸ்தீனர். அப்படியிருந்தும் மன்றத்தில் அவர்கள் குரல் இல்லை. புறக்கணிப்பு சரியா தவறா என்று அவர்களுக்குள்ளேயே வாதம் ஓய்ந்தபாடில்லை.

அந்தக் குடியிருப்பு உரிமையும் உறுதியானதல்ல. ஏழு ஆண்டு வெளியே வாழ்ந்தாலோ, வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினாலோ போய்விடலாம். 1995 முதல் ‘வாழ்க்கையின் மையம்’ நகருக்குள் இருப்பதை நிரூபிக்கவும் சொல்கிறார்கள். ‘அர்னோனா’ என்னும் நகராட்சி வரி ரசீது, மின்கட்டண ரசீது, பிள்ளைகளின் பள்ளிப் பதிவு எல்லாவற்றையும் பல ஆண்டுக்குக் கோப்பில் வைத்திருப்பது அங்கே வீட்டு வழக்கம். 1967 முதல் 14,000-க்கும் மேற்பட்டோர் இந்த உரிமையை இழந்திருக்கிறார்கள். வீட்டுப் பிரச்சினையோடு இதற்கு என்ன சம்பந்தம் என்பது கேள்வி 11-ல் வரும்.

4. ஊர் முழுக்க எல்லாக் கட்டடமும் ஒரே கல் நிறமாக இருக்கிறதே, மரபா சட்டமா?

சட்டம். 1918-ல் பிரிட்டிஷ் ராணுவ ஆளுநர் ரொனால்ட் ஸ்டோர்ஸ் காலத்தில் உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லில்தான் கட்ட வேண்டும் என்று விதி வந்தது. ஆட்சிகள் மாறியும் விதி தங்கிவிட்டது. முன்பு சுவரே கல். இப்போது காங்கிரீட் மேல் ஒட்டும் மெல்லிய கல் பலகை. இதில் ஓர் அரசியல் பக்கவிளைவு உண்டு: 1967-க்குப் பின், சேர்த்துக்கொண்ட நிலத்தில் எழுந்த கிலோ, ராமோத் போன்ற யூதக் குடியிருப்புகளும் அதே கல்லைப் போர்த்திக்கொண்டதால், புதிதாக வருகிறவர் கண்ணுக்கு எல்லாமே ஒரே காலத்து ஊராகத் தெரியும்.

5. முறைப்படி அனுமதி வாங்கிக் கட்டினால் யார் இடிக்கப் போகிறார்கள்? வாங்காமல் கட்டிவிட்டு ஏன் குறை சொல்ல வேண்டும்?

மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். அனுமதி என்பது கடைசிப் படி. அதற்கு முன், நிலம் இருக்கும் பகுதிக்கு ஒட்டுமொத்தத் திட்டம் வேண்டும். அதன்கீழ் சாலை, மனைப்பிரிவு, எத்தனை தளம் என்பதையெல்லாம் சொல்லும் விரிவான திட்டம் வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் விண்ணப்பத்தை ஏற்கவே சட்டத்தில் வழியில்லை. இது 1965 திட்டமிடல் மற்றும் கட்டடச் சட்டம். யூதக் குடியிருப்புகளில் விரிவான திட்டத்தை அரசின் வீட்டுவசதி அமைச்சகமோ நில ஆணையமோ போட்டுத் தரும். பாலஸ்தீனப் பகுதிகளில் பெரும்பாலும் நில உரிமையாளர்களே கட்டடக் கலைஞர், சர்வேயர், வக்கீல் வைத்துத் தங்கள் செலவில் போட வேண்டும். பல ஆண்டு ஆகும். ஒப்புதல் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

அடுத்து நிலம். சாலை, பள்ளி, பூங்காவுக்கு என்று 40 சதவீதம் வரை ஈடு இல்லாமல் எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. பெரிய அரசு நிலத்தில் இது பிரச்சினையில்லை. அண்ணன் தம்பி ஐந்து பேருக்குப் பொதுவான ஒரு டூனத்தில் (1,000 சதுர மீட்டர், ஏறக்குறைய கால் ஏக்கர்) 400 சதுர மீட்டர் போனால் யார் பங்கில் கழிப்பது? பக்கத்து நிலக்காரர்களைச் சேர்த்து மனைகளை மறுபங்கீடு செய்தால்தான் சமாளிக்கலாம். ஒருவர் கையெழுத்து மறுத்தாலும் கோப்பு நின்றுவிடும். அவரோ பெரும்பாலும் அம்மானிலோ குவைத்திலோ இருப்பார்.

மூன்றாவது, உரிமைச் சான்று. கிழக்குப் பகுதியில் ஜோர்தான் தொடங்கிய நில உரிமை நிர்ணயத்தை 1967-ல் இஸ்ரேல் நிறுத்திவிட்டது. பாதிக்கு மேற்பட்ட நிலத்துக்கு முறையான பதிவு இல்லை. அண்டை நிலக்காரர்களும் ‘முக்தார்’ எனப்படும் ஊர்த்தலைவர்களும் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்ற ஏற்பாடு ஒரு காலத்தில் செல்லுபடியானது. பிறகு அதையும் இறுக்கிவிட்டார்கள். கடைசியாகப் பணம்: சாலை, சாக்கடை, குடிநீர் கட்டணங்கள், கூடவே திட்டத்தால் நிலமதிப்பு எவ்வளவு உயர்ந்ததோ அதில் பாதியை வரியாகக் கட்ட வேண்டும். விற்று லாபம் பார்க்கும் கட்டுமான நிறுவனத்துக்கு இது ஒரு செலவுக் கணக்கு. பிள்ளைக்கு மேலே ஒரு தளம் எழுப்ப நினைக்கும் குடும்பத்துக்கு அந்தப் பணமே வீட்டுச் செலவுக்குச் சமமாகிவிடும்.

6. சரி, திட்டம் போட்ட இடத்திலாவது கட்டலாமே?

கட்டலாம், இடம் இருந்தால். ஐநா மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகத்தின் கணக்குப்படி கிழக்கு ஜெருசலேம் பரப்பில் பாலஸ்தீனர் வீடு கட்ட ஒதுக்கியிருப்பது சுமார் 13 சதவீதம். அதில் பெரும்பகுதி ஏற்கெனவே கட்டி முடிந்த இடம். 35 சதவீதம் யூதக் குடியிருப்புகளுக்காக எடுக்கப்பட்டது. அதை எடுக்கப் பயன்பட்ட கருவி பிரிட்டிஷ் காலத்து 1943 நில எடுப்புச் சட்டம். காரணம் ‘பொதுத் தேவை’. எந்தப் பொது, யாருடைய தேவை என்று சட்டம் பிரித்துச் சொல்லவில்லை.

7. வரைபடத்தில் பச்சை அடித்தால் பூங்காதானே? பூங்காவைப் போய் யாராவது எதிர்ப்பார்களா?

பச்சையில் பல வகை. ‘திறந்த இயற்கைக் காட்சிப் பகுதி’ என்று ஒன்று: அங்கே பூங்காவும் வராது, வீடும் கட்டக்கூடாது. ‘தேசியப் பூங்கா’ இன்னொன்று: நிலம் உரிமையாளர் பெயரிலேயே இருக்கும், எடுத்ததற்கான ஈடு கிடைக்காது, கட்டவும் முடியாது. நிர்வாகமும் நகராட்சியிடம் இல்லை, இயற்கை மற்றும் பூங்கா ஆணையத்திடம். பழைய நகர மதிலைச் சுற்றி 1974-ல் அறிவித்த பூங்கா, மதிலுக்குத் தெற்கே உள்ள பாலஸ்தீனப் பகுதியான சில்வான் வரை நீள்கிறது.

சந்தேகம் வலுக்கக் காரணம், பச்சை நிறம் மாறிய விதம். ஷுஃபாத் மேட்டில் பச்சை என்று வைத்திருந்த நிலம் 1990-களில் ராமத் ஷ்லோமோ குடியிருப்பானது. அபூ குனைம் குன்றில் 1991-ல் சுமார் 1,850 டூனம் எடுக்கப்பட்டது. காடாக இருந்த அங்கே 1997 முதல் ஹர் ஹோமா எழுந்தது. பாலஸ்தீனர் கட்ட முடியாதபடி நிலத்தைக் காலியாக வைத்திருக்கவே பச்சை பயன்படுகிறது என்ற குற்றச்சாட்டை இந்த இரண்டு மேடுகளைப் பார்த்தபின் ஒதுக்கித் தள்ள முடியாது. சில்வானின் அல்-புஸ்தானில் கதை தலைகீழ்: வீடுகள் இருக்கும் இடத்தில் ‘அரசர் தோட்டம்’ அமைக்க 2005-ல் இடிப்பு உத்தரவுகள் வந்தன. பல ஆண்டு இழுபறிக்குப் பின் அண்மையில் வரிசையாக இடிக்கத் தொடங்கினார்கள்.

8. யூதர்களும்தான் அனுமதியில்லாமல் கட்டுகிறார்கள். அதைச் சொல்ல மாட்டீர்களா?

சொல்கிறோம். நிறையவே கட்டுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் அனுமதி பெற்ற கட்டடத்தில் கூடுதலாக ஓர் அறை, மூடிய பால்கனி, கீழ்த்தளத்தில் ஒரு வீடு. விரிவான திட்டம் ஏற்கெனவே இருப்பதால் அபராதம் கட்டிப் பின்தேதியில் ஒழுங்குபடுத்த வழியுண்டு. கேள்வி 5-ல் சொன்ன முதல் படியே இல்லாத இடத்தில் ஒழுங்குபடுத்த எதுவும் இல்லை. வீடு முழுவதும் சட்டவிரோதம். விதிவிலக்காகச் சில்வானில் ‘பேத் யோனத்தான்’ என்ற ஏழு தளக் கட்டடத்தை, கிழக்கில் யூதர்களைக் குடியேற்றும் அமைப்பு ஒன்று அனுமதியில்லாமல் கட்டியது. நீதிமன்றம் முத்திரையிடச் சொல்லியும் ஆண்டுக்கணக்கில் நடக்கவில்லை. மேயர்களே அதைத் தள்ளிப்போட வழி தேடினார்கள்.

9. தன் வீட்டைத் தானே இடிப்பதாகக் காணொளி வருகிறதே, உண்மையா?

உண்மைதான். நகராட்சி இடித்தால் இயந்திரம், ஆட்கள், காவல் எல்லாவற்றுக்கும் ரசீது வீட்டுக்காரருக்கு வரும். தானே இடித்தால் அது மிச்சம், சாமானையும் எடுத்துக்கொள்ளலாம். கமினிட்ஸ் சட்டம் எனப்படும் 2017 திருத்தத்துக்குப் பின் நெருக்கடி கூடியது. நீதிபதியின் கையிலிருந்த அதிகாரத்தின் பெரும்பகுதி அலுவலர் கைக்கு மாறியது. உத்தரவைத் தள்ளிவைக்கும் காலம் சுருங்கியது, அபராதம் லட்சக்கணக்கான ஷெக்கலுக்கு (இஸ்ரேல் நாணயம்) போனது. இடித்த பிறகும் பழைய அபராதத் தவணை ஓடிக்கொண்டிருக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

10. ஷேக் ஜர்ரா விவகாரம் வெறும் வாடகைத் தகராறு என்கிறார்களே?

ஷேக் ஜர்ரா கிழக்கில் உள்ள ஒரு பாலஸ்தீனப் பகுதி. அங்கே குடும்பங்களை வெளியேற்றக் கேட்கும் வழக்கு நீதிமன்றக் கோப்பில் அப்படித்தான் இருக்கும். அந்த நிலத்தை 1870-களில் இரண்டு யூத அறக்கட்டளைகள் வாங்கியிருந்தன. 1948-க்குப் பின் ஜோர்தான் வசம் போய், 1956-ல் ஐநா அகதிகள் நிறுவனத்தோடு சேர்ந்து 28 அகதிக் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தரப்பட்டது. அகதி உதவியைக் கைவிட்டால் சில ஆண்டில் வீடு அவர்கள் பெயருக்கு வரும் என்பது ஏற்பாடு, பதிவு நடக்கவேயில்லை. 1982-ல் அவர்களின் வக்கீல் அறக்கட்டளையின் உரிமையை ஏற்று, பதிலுக்குப் ‘பாதுகாக்கப்பட்ட வாடகைதாரர்’ நிலையை வாங்கினார். அந்த ஒரு கையெழுத்துதான் இன்றுவரை வழக்கின் முடிச்சு. தங்களைக் கேட்காமல் செய்தது என்கின்றன குடும்பங்கள். பிறகு உரிமை குடியேற்ற நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், உரிமை முறையாக நிர்ணயமாகும்வரை சில குடும்பங்கள் ஆண்டுக்கு 2,400 ஷெக்கல் கட்டி அங்கேயே இருக்கலாம் என்றது.

அரசியல் இருப்பது சட்டத்தின் அமைப்பில். 1948-க்கு முன் கிழக்கில் சொத்து வைத்திருந்த யூதர்கள் அதைத் திரும்பக் கேட்க 1970-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. மேற்கில் தல்பியா, கத்தமோன் பகுதிகளில் வீட்டை விட்டுப் போன பாலஸ்தீனர்கள் அப்படிக் கேட்க முடியாது. 1950 ‘இல்லாதோர் சொத்துச் சட்டம்’ அவற்றை அரசுக் காப்பாளரிடம் கொடுத்துவிட்டது.

11. 2018 முதல் நிலத்தை முறையாகப் பதிவு செய்து தருகிறார்களாமே. கேள்வி 5-க்குத் தீர்வு கிடைத்துவிட்டதே?

காகிதத்தில் ஆம். 3790-ஆம் எண் அரசு முடிவு நில உரிமை நிர்ணயத்தை மீண்டும் தொடங்கியது. ஆனால் நிர்ணயம் என்றால் எல்லா வாரிசும் தெரிய வேண்டும். ஐந்து பங்காளியில் இருவர் ஜோர்தானில் இருந்தால் அவர்கள் சட்டப்படி ‘இல்லாதோர்’. அவர்கள் பங்கு காப்பாளரிடம் போகலாம், மிச்ச மூவருக்கு அரசு பங்காளியாகிவிடும். குடியிருப்பு உரிமை இழந்தவர்களின் கதை (கேள்வி 3) இங்கே வந்து முட்டுகிறது. இறுதியான பதிவை மாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். அதனால் ‘விண்ணப்பித்தாலும் பயம், விண்ணப்பிக்காவிட்டாலும் பயம்’ என்ற நிலையில் பலர் வக்கீலிடம் ஓடுகிறார்கள்.

12. சுவருக்கு அந்தப் பக்கம் உயரமான அடுக்குமாடிகள் தெரிகின்றனவே, அங்கே மட்டும் எப்படிக் கட்டினார்கள்?

அது கஃப்ர் அகப். மேற்குக் கரையைப் பிரிக்க இஸ்ரேல் 2002-ல் கட்டத் தொடங்கிய சுவர் நகராட்சி எல்லையைப் பின்பற்றவில்லை. கஃப்ர் அகபும் ஷுஃபாத் அகதி முகாமும் நகராட்சிக்குள், ஆனால் சுவருக்கு வெளியே. ஆய்வாளர் போவதில்லை, குப்பை வண்டியும் சரியாகப் போவதில்லை. பாலஸ்தீன நிர்வாகத்துக்கும் அங்கே அதிகாரமில்லை. கட்டுமானக்காரர்கள் பத்து தளத்துக்கு மேலும் எழுப்பிவிட்டார்கள். கணவனிடம் மேற்குக் கரை அடையாள அட்டை, மனைவியிடம் ஜெருசலேம் அட்டை என்றிருக்கும் குடும்பத்துக்கு இருவரும் சேர்ந்து வாழ்ந்தபடியே ‘வாழ்க்கையின் மைய’த்தைக் காப்பாற்ற உதவும் அரிதான இடம் அது. நிலநடுக்கப் பகுதியில், மேற்பார்வையில்லாத காங்கிரீட்டில், தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்தில். இந்த ஊரின் மிக ஆபத்தான திட்டமிடல் தோல்வி எது என்றால் மதிலுக்குள் இருக்கும் எதையும் விட்டுவிட்டு இதைத்தான் காட்டுவோம்.

13. நகரத்துக்கு மாஸ்டர் பிளான் கிடையாதா?

‘ஜெருசலேம் 2000’ என்று ஒன்று 2004-ல் வெளியானது. சட்டப்படியான கடைசிக் கட்டத்தைத் தாண்டவேயில்லை. ஆனாலும் அலுவலர்கள் அதை வழிகாட்டியாக வைத்தே கோப்பை நகர்த்துகிறார்கள். செல்லாத திட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்ப்பதும் கடினம். அரசு முன்பு வைத்திருந்த மக்கள்தொகை இலக்கு 70 யூதர், 30 அரபியர். அது எட்டாது என்று ஒப்புக்கொண்டு 60:40 கணக்கில் திட்டத்தை அமைத்தார்கள். இன விகிதத்தை இலக்காக எழுதியே வைத்த நகரத் திட்டம் என்பதுதான் அதில் முதலில் கண்ணில் பட வேண்டியது.

14. புனிதத் தலங்களுக்குள் ஒரு கல்லை மாற்ற யாரைக் கேட்க வேண்டும்?

தலத்துக்குத் தலம் வேறு. முஸ்லிம்கள் ஹரம் அல்-ஷரீஃப் என்றும் யூதர்கள் கோவில் மலை என்றும் அழைக்கும் வளாகத்தின் உள்நிர்வாகம் ஜோர்தானோடு இணைந்த ‘வக்ஃப்’ என்னும் இஸ்லாமிய அறநிலைய அமைப்பிடம், பாதுகாப்பு இஸ்ரேல் காவல்துறையிடம். நகராட்சி அனுமதி என்ற பேச்சையே வக்ஃப் ஏற்காது. எல்லைச் சுவரில் கைவைத்தால் உடனே பற்றிக்கொள்ளும். 1996-ல் மேற்குச் சுவர்ச் சுரங்கத்துக்கு வடக்கு வாசல் திறந்தபோது மோதல்களில் பல பத்துப் பேர் இறந்தார்கள். வளாகத்தின் முக்ராபி வாசலுக்கு ஏறும் மண்மேடு 2004-ல் சரிந்தது. தற்காலிகமாகப் போட்ட மரப்பாலத்துக்குப் பதில் நிரந்தரப் பாலம் என்று 2007-ல் தோண்டியதும் ஜோர்தான் வரை எதிர்ப்பு. தற்காலிகம் தொடர்கிறது.

இயேசுவின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் கல்லறைத் தேவாலயத்தில் ஆறு சபைகள். யாருக்கு எந்தத் தூண், எந்த விளக்கு என்பதை 1852 உஸ்மானிய ஆணை உறையவைத்தது. வாசலுக்கு மேலே சாத்தியிருக்கும் மர ஏணி 18-ஆம் நூற்றாண்டுப் படத்திலேயே இருக்கிறது. அதை நகர்த்தினால் அந்த விளிம்பு யாருடையது என்ற கேள்வி வரும், அதனால் நகர்த்துவதில்லை. கல்லறைச் சிற்றாலயத்தை 1947-ல் பிரிட்டிஷார் இரும்புச் சட்டம் பூட்டித் தாங்கினார்கள். 2015-ல் ஆபத்து என்று காவல்துறை சில மணி நேரம் மூடிய பிறகே கிரேக்க, கத்தோலிக்க, ஆர்மீனிய சபைகள் ஒப்பந்தம் போட்டன. ஏதென்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு 2017 மார்ச்சில் வேலையை முடித்து இரும்பைக் கழற்றியது.

15. டிராம், ரோப் கார் எல்லாம் வசதிதானே? அதிலுமா அரசியல்?

2011-ல் ஓடத் தொடங்கிய முதல் டிராம் தடம் ஷுஃபாத், பேத் ஹனினா வழியாகப் பிஸ்கத் ஸேவ் குடியிருப்புக்குப் போகிறது. பாலஸ்தீனர்களும் ஏறுகிறார்கள், 2014 ஜூலையில் ஷுஃபாத்தைச் சேர்ந்த பாலஸ்தீனச் சிறுவனை யூதத் தீவிரவாதிகள் கொன்ற பின் அதே நிலையங்களை உடைத்தும் போட்டார்கள். ரோப் கார் விஷயத்தில் பாதையைவிடக் கோப்பு போன வழியைக் கவனியுங்கள். பழைய ரயில் நிலையத்திலிருந்து சில்வான் ஓரம் வரை 1.4 கிலோமீட்டர் திட்டத்தை நகரத் திட்டக் குழுக்களுக்குப் பதிலாக, நெடுஞ்சாலை போன்றவற்றுக்கான தேசிய உள்கட்டமைப்புக் குழு வழியாக நகர்த்தினார்கள். தங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு மேலே பெட்டிகள் போகக்கூடாது என்று கராயீத் யூதர்களும் வழக்குப் போட்டார்கள். 2022-ல் உச்ச நீதிமன்றம் மனுக்களைத் தள்ளிவிட்டது.

16. எல்லாமே யூதர், அரபியர் சண்டைதானா?

இல்லை. பார்-இலான் சாலையை ஓய்வுநாளில் மூடுவதா என்று 1996-ல் ஹரேதி எனப்படும் தீவிர மரபுவாத யூதர்களும் மதச்சார்பற்ற யூதர்களும் மோதி உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். ஹரேதிகளுக்கான அடுக்குமாடியில் பால்கனிகள் ஒன்றின்மேல் ஒன்று வராமல் விலகி நிற்கும். கூடாரப் பண்டிகைக் குடிலுக்கு மேலே திறந்த வானம் வேண்டும் என்பதே காரணம். பணமும் உண்டு: விடுதிக்கு ஒதுக்கிய குன்றில் ‘ஹோலிலேண்ட்’ கோபுரங்கள் எழுந்த லஞ்ச வழக்கில் 2014-ல் முன்னாள் மேயர்கள் இருவருக்குத் தண்டனை. அதில் ஒருவரான எஹூத் ஓல்மர்ட் மேல்முறையீட்டில் பெரிய குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டார், சிறிய லஞ்சக் குற்றம் நிலைத்தது.

17. ‘இத்தனை ஆயிரம் வீட்டுக்கு ஒப்புதல்’ என்று அடிக்கடி செய்தி வருகிறது. உண்மையில் கட்டுவார்களா?

ஒரே திட்டம் நான்கைந்து முறை செய்தியாகும். மாவட்டக் குழு பொதுப்பார்வைக்கு வைக்க ஒப்புதல், பிறகு ஆட்சேபத்துக்கு 60 நாள், விசாரணை, இறுதி ஒப்புதல், டெண்டர், கடைசியில் தனித்தனிக் கட்டட அனுமதி. 2010 மார்ச்சில் அமெரிக்கத் துணை அதிபர் ஜோ பைடன் வந்திருந்தபோது பெரும் சச்சரவான ராமத் ஷ்லோமோவின் 1,600 வீடுகள் முதல் கட்டத்தில்தான் இருந்தன. முதல் கட்டத்துக்கும் மண் தோண்டுவதற்கும் இடையே பல ஆண்டு ஆகலாம். டெண்டர் வந்துவிட்டால் திரும்புவது அபூர்வம்.

எந்தக் குழு என்றும் பாருங்கள். ‘இ1’ பகுதி நகராட்சி எல்லைக்கு வெளியே, மேற்குக் கரையில் உள்ளது. அங்கே முடிவெடுப்பது ராணுவ நிர்வாகத்தின்கீழ் வரும் உயர் திட்டமிடல் குழு. வெளிநாட்டு நெருக்கடியால் பல ஆண்டு கிடப்பில் கிடந்த அதன் 3,401 வீடுகளுக்கு 2025 ஆகஸ்டில் கிடைத்தது இறுதி ஒப்புதல். இப்படிப்பட்ட திட்டங்களில் இறுதி ஒப்புதலுக்குப் பின் கவனிக்க வேண்டியது டெண்டர் அறிவிப்பும், அதற்கு முன்பே போடத் தொடங்கும் சாலைகளும்.